டியூப்ல சாப்பாடு போனாலும் பல்லு தேய்க்கணும்

படுத்த படுக்கையா இருக்கவுகளை வீட்டுக்கே போய் பாத்துக்குற நர்ஸ் வேலை எனக்கு. காரைக்குடியில இருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அந்தப்பக்கம் புதுவயல்னு ஸ்கூட்டிலதான் சுத்துறது. இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில வார்டு டியூட்டி, ஐசியூ டியூட்டின்னு பல வருஷம் ஓட்டியாச்சு. இந்த விஷயத்தை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், ஏன்னா எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். "ஆச்சிக்கு பல்லு தேய்ச்சு விட்டீகளா"ன்னு கேட்டா, "வாயில எதுவுமே குடுக்குறது இல்லையே சிஸ்டர், எல்லாம் டியூப்லதான போகுது, அப்புறம் எதுக்குப் பல்லு தேய்க்கணும்"னு திருப்பிக் கேக்குறாக.

கவனிப்புல குறையே சொல்ல முடியாதுங்க, அதை முதல்ல சொல்லிடுறேன். ஏர் பெட் வாங்கிப் போட்டிருப்பாக, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைப்பாக, முதுகுல ஒரு சின்ன சிவப்பு தெரிஞ்சாலும் எனக்கு போட்டோ வந்துரும், சிங்கப்பூர்ல இருந்து மகன் வீடியோ கால்ல வந்து பிபி எவ்வளவு சுகர் எவ்வளவு யூரின் எத்தனை மில்லி போச்சுன்னு கணக்குப்பிள்ளை மாதிரி கேப்பாரு, எல்லாத்துக்கும் நோட்டு உண்டு. வாயைப் பத்தி மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. நோட்டுல வாய்க்குன்னு ஒரு கட்டமே இருக்காது.

நிஜத்துல வாயால சாப்பிடுறவுகளை விட மூக்கு வழியா வயித்துக்கு ரைல்ஸ் டியூப் போட்டவுகளுக்குத்தான் வாய் சீக்கிரம் கெடும். நமக்கெல்லாம் ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறுது, மெல்லும்போதும் முழுங்கும்போதும் பேசும்போதும் அது வாயைக் கழுவிக்கிட்டே இருக்கு. டியூப் போட்டவுக மெல்றதும் இல்லை பேசுறதும் இல்லை, பாதி நேரம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டே மூச்சு விடுறாக, எச்சில் காய்ஞ்சுருது. அதுக்கு மேல மாத்திரை வேற. தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் குடுக்குற அமிட்ரிப்டிலின், அரிப்புக்குக் குடுக்குற அலர்ஜி மாத்திரை, நீர் பிரியக் குடுக்குற மாத்திரைன்னு வாயை உலர வைக்கிறது நாலஞ்சு சேர்ந்து போகும். காய்ஞ்ச வாயில கிருமி படலமாப் படிஞ்சு தடிச்சுக்கிட்டே போகும்.

அந்தக் கிருமி வாயோட நின்னாக்கூட நாத்தம்தானேன்னு விட்டுரலாம், நிக்காது. முழுங்குற சக்தி குறைஞ்சவுகளுக்கு ராத்திரி தூக்கத்துல எச்சில் கொஞ்சம் கொஞ்சமா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும், இருமல்கூட வராது, பக்கத்துல படுத்திருக்கவுகளுக்கும் தெரியாது. நாலு நாள் கழிச்சு காய்ச்சல், மூச்சு வாங்குது, ஆக்சிஜன் இறங்குது. வீட்டுல "தலைக்கு ஊத்துனோம் சளி புடிச்சிருச்சு", "ஏசி ஒத்துக்கலை"ன்னு பேசிக்கிட்டு இருப்பாக. அப்புறம் ஆம்புலன்ஸ், மதுரை, ஐசியூ. டிஸ்சார்ஜ் சம்மரில ஆஸ்பிரேஷன் நிமோனியான்னு, அதாவது எச்சில் நுரையீரலுக்குள்ள இறங்குனதால வந்த நிமோனியான்னு எழுதியிருக்கும், அதை யாரு உக்காந்து படிக்கிறா.

இதை நானா சொல்லலை. ஜப்பான்ல யோனெயாமா குழு முதியோர் இல்லங்கள்ல செஞ்ச ஆய்வை 2002ல வெளியிட்டாங்க. 11 இல்லங்கள், ரெண்டு வருஷம். ஒரு பாதிப் பேருக்கு நர்ஸோ கவனிக்கிறவங்களோ ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பல்லு தேய்ச்சு விட்டாங்க, வாரத்துக்கு ஒருதடவை பல் மருத்துவ ஆளுங்க வந்து பாத்தாங்க, இன்னொரு பாதிக்கு வழக்கம்போல விட்டுட்டாங்க. வழக்கம்போல விட்டவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்துச்சு, தேய்ச்சு விட்டவங்கள்ல 11 சதவீதம். பெரும்பாலும் பிரஷ்ஷும் அஞ்சு நிமிஷமும்தான். நான் இதை வீடு வீடா சொல்லிக்கிட்டு திரியுறேன், கேக்குறவுக கேப்பாக.

சரி, பாத்ததைச் சொல்றேன் (ஆளு ஊரு அடையாளம் எல்லாம் மாத்தித்தான் எழுதுறேன்).

ஒரு பெரிய வீடு. நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பாத்தவுகளுக்குத் தெரியும், முகப்புல வெளிச்சம் கொட்டும், வளவுல வானமே தெரியும், ஆனா வளவைச் சுத்தி இருக்க அறைக்குள்ள போனா பகல்லயே இருட்டு. ஆச்சியை அந்த மாதிரி ஒரு அறையிலதான் போட்டிருந்தாக, குளுகுளுன்னு இருக்கும்னு. பக்கவாதம் வந்து டியூப்ல ஓடிக்கிட்டு இருக்கவுக. நான் செல்போன் டார்ச்சை அடிச்சு வாய்க்குள்ள பாத்தா மேல் அண்ணம் பூரா பழுப்பு நிறத்துல ஓடு கட்டுன மாதிரி பக்கு. வாயைத் திறந்தே மூச்சு விட்டு விட்டு, சளியும் எச்சிலும் செத்த தோலும் சேர்ந்து காய்ஞ்சு ஒட்டிக்கிட்டது. நாக்கு வெடிச்சிருக்கு. பின்பல்லு ஓரமெல்லாம் மாவு மாதிரி வெள்ளை. பக்கத்துல நின்ன மருமக டார்ச் வெளிச்சத்துல அதைப் பாத்துட்டு, "ஐயோ இது எப்ப வந்துச்சு, தினமும் மூஞ்சி தொடைக்கிறோமே"ன்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாக.

அந்தப் பக்கை உரிக்கக்கூடாது. அதுதான் முக்கியம். உரிச்சா ரத்தம் வரும், அதுவும் ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஓடுற ஆளுக்கு கேக்கவே வேண்டாம். காஸ் துணியை தண்ணில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு அண்ணத்து மேல வச்சு ஊற விடணும், எடுக்கணும், மறுபடி வைக்கணும். ஓரம் லேசா தூக்குற இடத்தை மட்டும் துடைச்சு எடுக்கணும். ஒரே நாள்ல முடிக்கணும்னு வெறி வரக்கூடாது. அன்னைக்கு பாதிதான் வந்துச்சு, மிச்சத்துக்கு பகல்ல இருக்க கவனிக்கிற பொண்ணுகிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஈரத்துணி வைக்கச் சொல்லிட்டு வந்தேன், அடுத்தடுத்த தடவை போகையில கொஞ்சங்கொஞ்சமா அண்ணம் ரோஸ் நிறத்துல தெரிய ஆரம்பிச்சுது. கட்டிலையும் பட்டாலைக்கு மாத்தச் சொல்லிட்டேன், வெளிச்சத்துல இருந்தாத்தான் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு நாலு பேரு பாப்பாக.

வாயால சாப்பிடுற பக்கவாத ஆளுகளுக்கு வேற மாதிரி. ஒரு அய்யா, வலதுபக்கம் விழுந்துருச்சு, மசிச்சுக் குடுத்தா சாப்பிடுவாரு. அவரு பொண்ணு ஆசையா கும்மாயம் கிண்டி ஊட்டியிருக்கு, அப்பச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்னு. சாயந்தரம் நான் போய் வலது கன்னத்தை விரலால ஒதுக்கிப் பாத்தா காலைல ஊட்டுன கும்மாயம் அப்படியே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல உருண்டையா உக்காந்திருக்கு. அவருக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லை, நாக்கும் அங்க போய் துழாவாது, அதனால இருக்குறதே தெரியாது. அப்படியே படுக்க வச்சிருந்தா ராத்திரி அது எங்க போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பக்கவாத ஆளுக்கு ஊட்டி முடிச்சதும் விழுந்த பக்கத்துக் கன்னத்தை கட்டாயம் பாக்கணும், இட்லித் துணுக்கு, மாத்திரை, எல்லாம் எடுத்திருக்கேன். வெத்தலை போட்டுப் பழகுன ஆச்சிகளுக்கு யாராச்சும் பாசத்துல ஒரு கொட்டைப்பாக்கு சீவலை வாயில வச்சு விட்டுருவாக, அதையும் எடுத்திருக்கேன், அவுக முறைச்ச முறைப்பு இன்னும் கண்ணுல நிக்குது.

எப்படி தேய்க்குறதுன்னு கேப்பீங்க. பெரிய சாமான் ஒண்ணும் வேண்டாம். சின்னத் தலை உள்ள சாஃப்ட் பிரஷ், பேஸ்ட்டு பட்டாணியில பாதி அளவு, ஒரு டம்ளர் தண்ணி, காஸ் துணி, டவல், கையுறை, டார்ச். துப்புறதுக்கு கிட்னி டிரே, அது இல்லைன்னா நம்ம வீடுகள்ல பரண்ல எங்கயாச்சும் பித்தளைப் படிக்கம் கிடக்கும், அதை விளக்கி எடுத்தா கிட்னி டிரேயை விட அருமையா இருக்கு, கனமா இருக்குறதால கவுறாது.

முதல்ல ஆளை நிமிர்த்தணும். தலைப்பக்கம் நல்லா உயர்த்தி, நாடி லேசா நெஞ்சைப் பாத்து இருக்க மாதிரி. நிமிர்த்தவே முடியாத ஆளுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முகத்தை கீழ்ப்பக்கம் சாய்ச்சு, கன்னத்துக்கு அடியில டவல், அப்பத்தான் தண்ணி வெளிய வழியும், தொண்டைக்குப் போகாது. மல்லாக்கப் போட்டு வாயில தண்ணி ஊத்துறது, சிரிஞ்ச்ல பீச்சுறது, இதெல்லாம் நினைப்பு இல்லாத ஆளுக்கு செய்யவே கூடாது. பிரஷ்ஷை நனைச்சு உதறிட்டு, பல்லும் ஈறும் சேருற கோட்டுல சாய்ச்சு வச்சு சின்னச் சின்ன வட்டமா. நுரை வந்தா ஈரத்துணியால வழிச்சு எடுத்துக்கிட்டே போகணும். எச்சிலை உறிஞ்சி எடுக்குற சக்ஷன் மெஷின் இருக்க வீடுன்னா இன்னும் நல்லது. டியூப் ஃபீட் குடுத்த உடனே இதை ஆரம்பிக்காதீங்க, ஓங்கரிச்சு வாந்தி வந்துச்சுன்னா எதுக்காக தேய்க்கிறோமோ அதுவே நடந்துரும். ஃபீடுக்கு முன்னாடி முடிச்சுருங்க. நாக்குக்கு பின்னாடி இருந்து முன்னாடி மெதுவா பிரஷ் போதும், ஆச்சி கல்யாணத்துல வந்த வெள்ளி நாக்கு வழிப்பானை காய்ஞ்ச நாக்குல போட்டு இழுக்க வேண்டாம், கிழிஞ்சுரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பிரஷ், நடுவுல அப்பப்ப ஈரம்.

விரலை பல்லுக்கு நடுவுல விடாதீங்க. சொல்லிட்டேன். பக்கவாதம், மறதி நோய் உள்ளவுகளுக்கு பல்லுல ஏதாச்சும் பட்டாலே தன்னால கடிக்கும், அவுகளுக்கு கோவம் எல்லாம் இல்லை, அது நரம்பு செய்யுறது. பிரஷ்ஷை கடிச்சுட்டா இழுக்கக்கூடாது, இழுக்க இழுக்க இன்னும் இறுக்கும், பல்லும் உடையும். கையை அப்படியே வச்சுக்கிட்டு தாடை மூட்டுகிட்ட லேசா நீவி விட்டா கொஞ்ச நேரத்துல தானா விடும். வாயே திறக்காதவுகளுக்கு முதல்ல உதட்டை ஒதுக்கி பல்லோட வெளிப்பக்கம் மட்டும் தேய்ங்க, அதுவே பாதி வேலை. உள்பக்கம் நாளைக்கு பாத்துக்கலாம். ரெண்டு பிரஷ் வச்சுக்கிட்டு ஒண்ணோட கைப்பிடியை கடவாய்ப் பக்கம் கடிக்கக் குடுத்துட்டு இன்னொண்ணால தேய்க்குறதும் நடக்கும்.

மறதி நோய் ஆச்சி ஒருத்தவுக, பிரஷ்ஷைப் பாத்தாலே கையை வீசி அடிப்பாக. கவனிக்கிற பொண்ணு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு தேய்க்கப் பாத்திருக்கு, அது பெரிய ரணகளமாயிருச்சு. நம்ம மூஞ்சிக்கு நேரா முன்னபின்ன தெரியாத ஒருத்தி குச்சியோட வந்தா நம்மளும் அடிக்கத்தான் செய்வோம். ரீட்டா ஜப்லான்ஸ்கின்னு அமெரிக்காவுல ஒரு நர்ஸ், இந்த மாதிரி ஆளுகளுக்கு வாய் சுத்தம் பண்றதைப் பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்க சொல்றது, அந்த ஆளு நம்மளை மிரட்டலா நினைக்கிறாக, அந்த பயத்தைக் குறைச்சாலே போதும்னு. எதிர்ல பாக்குற மாதிரி சமமா உக்காரணும், சிரிக்கணும், பிரஷ்ஷை அவுக கையிலயே குடுத்து நம்ம கையை மேல வச்சு சேர்ந்து நகத்தணும், கண்ணாடி முன்னாடி உக்கார வைக்கணும், கையில வேற ஏதாச்சும் பிடிச்சுக்கக் குடுக்கணும், பச்சைப்பிள்ளைகிட்ட பேசுற மாதிரி கொஞ்சிப் பேசக்கூடாது. இந்த ஆச்சிக்கு வேலை செஞ்சது கண்ணாடிதான். முகப்புல பெல்ஜியம் கண்ணாடி தொங்குதுல்ல, அதுக்கு முன்னாடி வீல்சேரைப் போட்டு, "ஆச்சி, கோயிலுக்குக் கிளம்பணும் பல்லு வெளக்குவமா"ன்னு நான் என் பிரஷ்ஷை எடுத்து என் வாயில வச்சேன். என்னைப் பாத்துட்டு அவுகளும் வச்சாக. பாதி தேய்ச்சாக பாதி பேஸ்ட்டைத் தின்னாக, பரவால்ல.

பல் செட்டு. இதுக்குத் தனிப் பதிவே எழுதலாம். ராத்திரி கழட்டியே ஆகணும். ஜப்பான்ல 85 வயசுக்கு மேல உள்ளவங்களை வச்சு 2015ல வந்த ஒரு ஆய்வுல, பல் செட்டோட தூங்குறவங்களுக்கு நிமோனியா வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு வந்துச்சு. கழட்டி பேஸ்ட் போடாம சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு, பச்சைத்தண்ணில போட்டு வைக்கணும். வெந்நீர்ல போட்டா வளைஞ்சுரும், அப்புறம் சேராது. கழுவும்போது கீழ ஒரு வாளி தண்ணியோ மடிச்ச துண்டோ இருக்கட்டும், நம்ம வீட்டு ஆத்தங்குடி கல்லுல விழுந்தா ரெண்டா போயிரும், புதுசு கட்ட படுத்திருக்க ஆளை எங்க தூக்கிக்கிட்டு போறது. ஆஸ்பத்திரில சேர்த்தா பேரு எழுதுன டப்பாவுல போட்டு வைங்க. ஒரு அய்யாவோட செட்டை ஒரு ஆஸ்பத்திரில டிஷ்யூ பேப்பர்ல சுத்தி தலைமாட்டுல வச்சிருந்தாக, கூட்டுறவுக குப்பைன்னு அள்ளிட்டாக. அதுக்கப்புறம் அவருக்கு கடைசி வரைக்கும் கஞ்சிதான்.

நாங்க படிக்கும்போது மவுத் கேர்னா ஃபோர்செப்ஸ் இடுக்கி நுனியில காஸ் சுத்தி, கிளிசரின்ல தொட்டு துடைச்சு விடுறதுதான், ரெக்கார்ட் நோட்டுல படம் வரைஞ்சு மார்க் வாங்குனதும் அதுதான். துடைச்சா ஈரம் ஆகும், ஆனா பல்லுல ஒட்டுன படலம் போகாது, அதுக்கு பிரஷ் வேணும். எலுமிச்சை கிளிசரின் குச்சி வேண்டவே வேண்டாம், புளிப்பு எனாமலை அரிக்கும், வாயும் போகப்போக இன்னும் உலரும். கிருமியைக் கொல்லுற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை எல்லாரும் அமிர்தம் மாதிரி நினைக்கிறாக, வாங்கி ரெண்டு வேளையும் துடைச்சுட்டு பிரஷ்ஷைத் தொடுறதில்லை. அமெரிக்காவுல 2022ல புதுப்பிச்ச தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல்ல வென்டிலேட்டர் ஆளுகளுக்கே தினமும் பல்லு தேய்ங்க, குளோர்ஹெக்சிடின் வேண்டாம்னு எழுதிட்டாங்க. ஈறுல பிரச்சனைன்னு பல் டாக்டர் எழுதிக் குடுத்தா அது வேற கதை, அப்பவும் பேஸ்ட் போட்ட உடனே போடாம அரை மணி நேரம் விட்டுப் போடணும், பல்லு பழுப்பாகும் அதுக்கு பயப்படாதீங்க.

இன்னொண்ணு, சொன்னா சண்டைக்கு வருவாக. நல்லெண்ணெய். கொப்பளிச்சுத் துப்புற தெம்பு இருக்கவுக தாராளமா செய்யட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. முழுங்க முடியாத ஆளு வாயில எண்ணெய், நெய், தேன் எதையும் விடாதீங்க. எண்ணெய் நுரையீரலுக்குப் போனா இருமலைக்கூட கிளப்பாம இறங்கி உக்காந்துக்கும், அதுக்கு லிப்பாய்டு நிமோனியான்னே தனிப்பேரு இருக்கு, ஆன்டிபயாட்டிக்குக்கு கேக்காது. உதடு வெடிச்சா உதட்டுல மட்டும் மெல்லிசா ஏதாச்சும் தடவுங்க, ஆக்சிஜன் ஓடுறவுகளுக்கு வாஸ்லின் மாதிரி எண்ணெய்ப் பசை வேண்டாம், தண்ணி அடிப்படையில உள்ள ஜெல் கேட்டு வாங்குங்க.

அப்புறம் தீர்த்தம். கடைசி நேரத்துல காசித் தீர்த்தச் செம்பை உடைச்சு ஊத்தணும்னு நிப்பாக, பால் ஊத்தணும்பாக. அந்த நேரத்துல போய் ஆஸ்பிரேஷன்னு கிளாஸ் எடுக்குற தைரியம் எனக்கு இல்லை, அது என் வேலையும் இல்லை. நான் சொல்றது ஒண்ணுதான், ஸ்பூனால ஊத்தாதீங்க, புதுக் காஸை தீர்த்தத்துல நனைச்சு உதட்டுலயும் நாக்கு நுனியிலயும் ஒத்துங்க, ஒவ்வொருத்தரா வந்து ஒத்துங்க. மூச்சு முட்டாம இருக்கும், சடங்கும் ஆகும். இதுவரைக்கும் யாரும் முடியாதுன்னு சொன்னதில்லை. ஒரு வீட்டுல பேரன் ஒத்தும்போது அந்த ஆச்சி நாக்கால துணியைச் சப்புனாக, எல்லாரும் "ஆத்தா குடிக்கிறாக ஆத்தா குடிக்கிறாக"ன்னு அழுதுட்டாக.

எங்க ஆளுகளையும் ஒரு வார்த்தை சொல்லணும். வார்டுல ஒரு சிஸ்டருக்கு எத்தனை பெட்டுன்னு எல்லாருக்கும் தெரியும், மருந்து ஐவி ரவுண்ட்ஸ் ரிப்போர்ட்னு ஓடுறதுல முதல்ல விட்டுப்போறது வாய்தான். பியாட்ரிஸ் காலிஷ்னு அமெரிக்க நர்ஸ் பேராசிரியர் 2006லயே, நர்ஸுங்க செய்ய முடியாம விட்டுப்போற வேலை என்னென்னன்னு கேட்டு எழுதுனாங்க, நடக்க வைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, உடம்பு சுத்தம் எல்லாம் அதுல இருக்கு. ஆக இது நம்ம ஊர் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஆனா ஒண்ணு எனக்கு ஆத்திரமா வரும், வாய் சுத்தம் பண்றது நர்ஸ் வேலை இல்லை உதவிக்கு இருக்கவுக வேலைன்னு தள்ளுறது. உதவிக்கு இருக்கவுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பன்னெண்டு மணி நேரம் நிக்கிற அந்தப் பொண்ணுகளுக்கு டயப்பர் மாத்தத் தெரியும், ஃபீட் குடுக்கத் தெரியும், வாயைப் பாத்தா அருவருப்பு, பயம். கூட நின்னு ஒருதடவை காமிச்சுட்டா அதுகளே பாத்துக்குதுக. புதுவயல் பக்கம் ஒரு பொண்ணு, எனக்கு முன்னாடியே நாக்குல தயிர் மாதிரி வெள்ளை இருக்குன்னு போன் பண்ணுச்சு. பூஞ்சை. டாக்டர்கிட்ட சொல்லி குளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் போட்டு ஆறிருச்சு. வீட்டுக்கு வர்ற மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸுங்க, பிசியோ தம்பிங்க வந்தா அவங்களையும் பிடிச்சு வாயைப் பாக்கச் சொல்லுங்க.

தேய்க்கும்போது ரத்தம் வந்தா உடனே நிறுத்திடுறாக. வீங்குன ஈறு தேய்க்கத் தேய்க்கத்தான் அடங்கும், லேசான கசிவுக்கு நிறுத்த வேண்டாம், நிக்காம வழிஞ்சாத்தான் டாக்டருக்கு போன் போடணும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின், பிபிக்கு அம்லோடிபின் எடுக்குறவுகள்ல சிலருக்கு ஈறு பல்லு மேல வளர்ந்து மூடும், அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. புகையிலை, பாக்கு போட்டவுக வாயில ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணோ, வெள்ளையா சிவப்பா திட்டோ இருந்தா, வயசாச்சு இனிமே என்னன்னு விடாம காட்டிருங்க.

ஆடுற பல்லு இருந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க, தூக்கத்துல கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். ஆனா அதை எடுக்க ஆளு கிடைக்குறதுதான் பாடா இருக்கு. படுத்திருக்க ஆளை ரெண்டு கட்டு தாண்டி தூக்கி கார்ல ஏத்தி கிளினிக் மாடிப்படி ஏத்துறது நடக்குற காரியமா? காரைக்குடில ஒரு டாக்டர் மட்டும் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வர்றாரு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையைப் பத்தி முன்னாடியே ஃபிசிஷியன்கிட்ட பேசிட்டு வந்து, பட்டாலையில கட்டில் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து எடுத்துக் குடுத்துட்டுப் போறாரு. தேவகோட்டைப் பக்கம் அப்படி வர்றவரு யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, ரெண்டு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக.